சுகரோடு சேர்ந்து ஆடும் பார்வை

“ஊசி ஆரம்பிச்ச பிறகுதான் டாக்டர், கண்ணு மசமசன்னு ஆயிருச்சு.”

சர்க்கரை நோய்ப் பிரிவின் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் புகார் காதில் விழும். சொல்கிறவர் பெரும்பாலும் அதற்குள் ஊசியை நிறுத்தியிருப்பார். இன்சுலின்மீது ஊரில் ஏற்கெனவே ஏகப்பட்ட பழி. கிட்னியைக் கெடுக்கும், ஒரு தடவை போட்டால் விடவே முடியாது என்கிற வரிசையில் ‘கண்ணைக் கெடுக்கும்’ என்பதும் சேர்ந்துகொள்ளும். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் “எங்க மச்சானுக்கும் அப்படித்தான் ஆச்சு” என்று சாட்சி சொல்வார்.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான். ஊசி போட ஆரம்பித்த சில நாட்களில் அவருடைய பார்வை உண்மையாகவே மங்கியிருக்கும். மாத்திரை அட்டையில் உள்ள எழுத்து தெரியாது. செல்போனை எட்டிப் பிடித்தாலும் தெரியாது. அவர் கண்டது சரி, காரணம் என்று நினைத்ததுதான் தவறு.

நேர் எதிரான அனுபவமும் உண்டு. 55 வயதுக்காரர். வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் பேப்பரைக் கையில் எடுக்க மாட்டார். திடீரென்று ஒரு மாதமாகக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. பொடி எழுத்தில் வரும் டெண்டர் விளம்பரம்வரை தெளிவாகத் தெரிகிறது. எல்லாம் முருங்கைக் கீரையின் மகிமை என்று வீட்டில் பெருமை. ஆனால், எதிரே வரும் பஸ்ஸின் போர்டு தெரிவதில்லை. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, தண்ணீர் குடித்துக் குடித்தும் தாகம் அடங்கவில்லை. ரத்தத்தைச் சோதித்தால் சுகர் 350.

சர்க்கரை நோயில் பார்வை இப்படி இரண்டு பக்கமும் ஏமாற்றும். நோய் முற்றும்போது சிலருக்குக் கிட்டத்துப் பார்வை ‘தெளிகிறது’. வைத்தியம் வேலை செய்யத் தொடங்கும்போது மங்குகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, அது கண்ணின் லென்ஸுக்குள் இருக்கிறது.

லென்ஸுக்குள் தேங்கும் சர்க்கரை

கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டையாப்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முன்புறக் கண்ணாடி போன்ற கார்னியா பார்த்துக்கொள்கிறது. மீதி, கருவிழிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் வேலை. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தன் வடிவத்தை மாற்றி மாற்றி விழித்திரையில் பிம்பம் சரியாக விழும்படி செய்வதும் அதுதான். கண்ணாடிக் கடையில் நமக்குப் போடும் பவர் பெரும்பாலும் ஒன்று, இரண்டு டையாப்டர்தான். ஆகவே இந்த லென்ஸின் பருமனோ உள்ளடக்கமோ சிறிதளவு மாறினாலும் சுவரில் இருக்கும் காலண்டர் கலங்கிவிடும்.

லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி மறைபடும். எனவே அதைச் சுற்றி ஊறும் தெளிந்த நீரிலிருந்துதான் அது உணவை எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அந்த நீரிலும் கூடும். தசைக்குள் சர்க்கரை தாராளமாகப் போக இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். லென்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளியே எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப உள்ளேயும் இறங்கிவிடும்.

இறங்கியதை எல்லாம் எரித்துச் சக்தியாக்க லென்ஸால் முடியாது. வழக்கமான பாதை நிரம்பியதும், மிஞ்சிய சர்க்கரையை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றுகிறது. வந்த சர்க்கரைக்கு உள்ளே நுழையத் தெரிந்தது. சார்பிட்டாலுக்கு வெளியேறத் தெரியாது. அது செல்லுக்குள்ளேயே தேங்கும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு ஜாடியில் வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்கிறதல்லவா, அந்த இழுவைதான் இங்கேயும். மாங்காயில் உப்பு வெளியே இருப்பதால் தண்ணீர் வெளியே வருகிறது. லென்ஸில் சார்பிட்டால் உள்ளே இருப்பதால் தண்ணீர் உள்ளே போகிறது. லென்ஸ் ஊறிப் பருக்கிறது.

பருத்த லென்ஸ் ஒளியைக் கூடுதலாக வளைக்கும். தூரம் மங்கும், கிட்டம் தெளியும். முருங்கைக் கீரைக்குப் போன பெருமை உண்மையில் இந்தச் சார்பிட்டாலுக்குச் சேர வேண்டியது.

சார்பிட்டால் என்றதும் சிலர் ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதிலும் அந்தப் பெயர் இருக்கும். பயப்பட வேண்டாம். தின்னும் சார்பிட்டால் கண்ணுக்குப் போய்த் தங்குவதில்லை. அதிகம் தின்றால் வயிற்றைத்தான் கலக்கும். லென்ஸில் தேங்குவது, லென்ஸே சர்க்கரையிலிருந்து செய்துகொள்வது.

வைத்தியத்துக்குப் பின் ஏன் மங்குகிறது?

இன்சுலின் மனிதருக்கு முதன்முதலில் வைத்தியமாகப் போடப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரண்டோவில். போட்டுக்கொண்டவன் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன். மூன்று ஆண்டுகள் கழித்து, 1925இல், லண்டன் கண் மருத்துவர் ஸ்டூவர்ட் டியூக் எல்டர் சர்க்கரை நோயில் கண்ணாடிப் பவர் மாறுவதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கரை ஏறும்போது கிட்டப்பார்வையின் பக்கமும், இறங்கும்போது தூரப்பார்வையின் பக்கமும் கண் சாய்கிறது என்பது அதன் சாரம். ஆக, நம் வெளிநோயாளிப் பிரிவில் கேட்கும் புகாருக்கு நூறு வயதாகிறது. லென்ஸுக்குள் சார்பிட்டால் இருப்பதை ஆக்ஸ்ஃபோர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன் கண்டறிந்தது 1959இல்தான்; எலிகளின் லென்ஸில் அதைப் பார்த்தார். அது தண்ணீரை இழுப்பதே லென்ஸைக் கெடுக்கிறது என்ற விளக்கத்தை அமெரிக்காவில் ஜின் கினோஷிட்டா வளர்த்தெடுத்தார். சர்க்கரை நோய் வந்த நாய்கள் பலவற்றுக்கு மாதக் கணக்கிலேயே புரை விழுந்துவிடுவதும் இதனால்தான். அவற்றின் லென்ஸில் அந்த நொதியின் வேகம் அதிகம்.

சரி, சர்க்கரை இறங்கினால் லென்ஸ் பழையபடி ஆகிவிட வேண்டியதுதானே? ஆகும், ஆனால் உடனே அல்ல. ஊசியோ புது மாத்திரையோ ஆரம்பித்ததும் ரத்தச் சர்க்கரை நாள் கணக்கில் சரசரவென்று இறங்குகிறது. லென்ஸைச் சுற்றியுள்ள நீரிலும் இறங்கிவிடுகிறது. உள்ளே தேங்கிய சார்பிட்டால் மட்டும் மெதுவாகத்தான் கரைய முடியும். அந்த இடைவெளியில் வெளியே நீர்த்த திரவம், உள்ளே அடர்த்தியான திரவம். எனவே இன்னும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகிறது. இந்த முறை லென்ஸின் சத்து நீர்த்துப்போய், ஒளியை வளைக்கும் திறனே குறைகிறது. கண் தூரப்பார்வையின் பக்கம் சாய்ந்துவிடும். கிட்டத்தில் எதுவும் தெரியாது. 40 வயதைத் தாண்டியவருக்குத் தூரமும் சேர்ந்து மங்கும்.

லென்ஸ் பருப்பது ஒரு பக்கம் இழுக்கிறது, உள்ளடக்கம் நீர்ப்பது மறுபக்கம் இழுக்கிறது. எது ஓங்குகிறதோ அதைப் பொறுத்தே பவர் மாறும். அதனால் சுகர் ஏறியபோது எல்லோருக்கும் கிட்டப்பார்வைதான் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சிலருக்கு மாறியும் வரும். ஆனால் அதிகமாக ஏறிக் கிடந்த சுகரை வேகமாக இறக்கும்போது தூரப்பார்வை வருவதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். மாற்றம் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒரு டையாப்டர், இரண்டு டையாப்டர், சிலருக்கு அதற்கு மேலும்.

இது இன்சுலினுக்கு மட்டும் உரிய குணம் அல்ல. மாத்திரையால் இறக்கினாலும், பட்டினி கிடந்து இறக்கினாலும் இதே கதைதான். இன்சுலின் வேகமாக இறக்குகிறது, அதனால் பழி அதன்மேல் விழுகிறது. ஊசி ஆரம்பிக்கும் அன்றே “இன்னும் பத்து நாளில் கண் கொஞ்சம் மங்கலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள், தானே சரியாகும்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பலர் பாதியில் விடமாட்டார்கள். ஊசியை எங்கே குத்துவது, எப்படி ஃப்ரிட்ஜில் வைப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லும் இடங்களில்கூட இந்த ஒரு வரி விட்டுப்போவதுதான் எனக்கு ஆற்றாமை.

கண்ணாடிக் கடைக்கு அவசரப்படாதீர்கள்

மங்கினால் நாம் முதலில் போகும் இடம் கண்ணாடிக் கடை. கம்ப்யூட்டரில் முகத்தை வைத்துப் பத்து நிமிடத்தில் பவர் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பவர் அன்றைக்குச் சரியானதே. ஆனால் ஊறிய லென்ஸுக்கு எடுத்த அளவு அது. சுகர் அடங்கி லென்ஸ் வடிந்ததும் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்த புரோகிரெசிவ் கண்ணாடி பீரோவுக்குப் போகும். “அந்தக் கடைக்காரன் தப்பாப் பவர் போட்டுட்டான்” என்று இன்னொரு பழி.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பார்வை பழைய நிலைக்கு வரத் தொடங்கும். முழுதும் நிலைப்பட இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் சுகர் ஒரு கட்டுக்குள் வந்து குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் கழிந்த பிறகே புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, இரண்டு தடவையும் ஒரே பவர் வந்தால் தைரியமாகச் செய்துகொள்ளலாம். அதுவரை படிக்காமல் பிழைப்பு நடக்காது என்கிறவர் நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடியை வைத்துச் சமாளிக்கலாம். இன்சுலின் சிரிஞ்சின் கோடு தெரியவில்லை என்றால் மட்டும் சமாளிக்கக் கூடாது. வீட்டில் கண் தெரிந்த ஒருவர் பார்த்து ஏற்றித் தர வேண்டும். வண்டி ஓட்டுவதும் அப்படித்தான். பஸ், லாரி, ஆட்டோ ஓட்டிச் சம்பாதிக்கிறவர்களிடம் இரண்டு வாரம் வண்டியைத் தொடாதே என்பது பெரிய வார்த்தை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கண் முகாம்களில் பவர் எழுதுகிறவர்கள் சீட்டில் அன்றைய சுகர் அளவையும் ஓரமாக எழுதும் வழக்கம் வந்தால் நல்லது. ஒரு நாள் கல்யாண விருந்தில் இரண்டு ஜாங்கிரி கூடிப் போனதற்கெல்லாம் லென்ஸ் பெரிதாக அசைந்துவிடாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஏறிக் கிடக்கும் சுகரே இந்த வேலையைச் செய்யும். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் சுகர் எகிறிக் கண் மங்குவதும் இந்த வகைதான்.

முதன்முதலாகச் சுகர் இருப்பதே இப்படித்தான் சிலருக்குத் தெரியவருகிறது. ஆறு மாதத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தால் அடுத்து போக வேண்டிய இடம் ரத்தப் பரிசோதனை நிலையம்.

எது லென்ஸ் மங்கல், எது இல்லை

தானே சரியாகும் என்று சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லா மங்கலையும் அந்தக் கணக்கில் போட்டுக் காத்திருந்தால் கண் போய்விடும்.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்கினால் அது லென்ஸ் ஊறியதால் அல்ல. கண்ணுக்குள் கறுப்பாகப் புள்ளிகளோ, சிலந்தி வலை மாதிரியோ மிதந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்குவது மாதிரி இருந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை பிரிந்திருக்கலாம். ஜன்னல் கம்பி நெளிந்து தெரிந்தால் விழித்திரையின் மையமான மாக்குலாவில் நீர் கோத்திருக்கலாம். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். சுகர்க்காரர்களுக்கு வரும் இந்த இரட்டைப் பார்வை பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் சரியாகும் என்றாலும், வேறு காரணம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே நிம்மதியாக இருக்கலாம்.

வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கூடவே கண் இருண்டால் அது சுகர் ஏறியதல்ல, இறங்கியது. மூளைக்குச் சர்க்கரை போதவில்லை. அப்போது கண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும்.

கண் மருத்துவமனையில் சின்ன ஓட்டைகள் போட்ட ஒரு கறுப்பு அட்டையைக் கண்முன் வைத்துப் படிக்கச் சொல்வார்கள். ஓட்டை வழியே பார்த்ததும் எழுத்து தெளிந்தால் கோளாறு பெரும்பாலும் பவரில். தெளியவில்லை என்றால் விழித்திரைவரை போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண அட்டைதான், ஆனால் எந்தத் திசையில் தேடுவது என்று சொல்லிவிடும்.

புரை ஆபரேஷன் முடித்துச் செயற்கை லென்ஸ் வைத்துக்கொண்டவருக்கு இன்னொரு கணக்கு. அந்தப் பிளாஸ்டிக் லென்ஸ் சர்க்கரையால் ஊறாது. எனவே அவருக்குப் பார்வை ஆடினால் சுகர் ஏற்ற இறக்கம் என்று தள்ளிப்போடாமல் விழித்திரையைப் பார்ப்பதே முறை.

வலிக்காத, மங்காத நோய்

லென்ஸ் தொந்தரவு தந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். விழித்திரை அப்படியல்ல. வருடக் கணக்கில் கூடிய சர்க்கரை அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களை அரிக்கும். குழாய்ச் சுவர் பலூன் மாதிரி உப்பும், கசியும், அடைபடும். அடைபட்ட இடத்தில் ரத்தம் போதாமல் புதுக் குழாய்கள் முளைக்கும். புதிது என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். தொட்டால் உடைகிற பலவீனமான குழாய்கள் அவை. இவ்வளவும் நடக்கும்போது நோயாளி சுவரில் மாட்டிய அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று படித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். 6/6 பார்வை என்பது விழித்திரைக்கு நற்சான்றிதழ் அல்ல.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். சென்னையில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதைக் காட்டியது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரை வைத்து நடத்திய டி.சி.சி.டி. ஆய்வின் முடிவு 1993இல் வந்தது. சுகரை இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு விழித்திரை பாதிப்பு புதிதாக வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் வைத்தது இன்சுலினால்தான். கண்ணைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் அதே ஊசி.

அந்த ஆய்விலேயே ஒரு முடிச்சும் இருந்தது. ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு உள்ள சிலருக்கு, சுகரை இறுக்கிய முதல் வருடத்தில் பாதிப்பு சற்றுக் கூடியது. போகப்போக அவர்களும் மற்றவர்களைவிட நல்ல நிலைக்கே வந்தார்கள். இது லென்ஸ் ஊறுவதால் வரும் தற்காலிக மங்கல் அல்ல, வேறு விஷயம். பல வருடம் கவனிக்காமல் விட்ட சுகரை அதிரடியாக இறக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிடச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் வகை நீரிழிவு என்றால் நோய் தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. முதல் வகை என்றால் ஐந்து வருடத்துக்குள் ஆரம்பிக்கலாம். ஏற்கெனவே சுகர் உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்ப்பது அவசியம். கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமெடுக்கும். நேரத்தோடு கண்டால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, ஆபரேஷனும் இருக்கிறது. போன பார்வையை மீட்பதைவிட, இருப்பதைக் காப்பதில்தான் இவை கைகொடுக்கும்.

கண்ணாடிக் கடையில் செய்யும் இலவசச் சோதனை இந்தப் பரிசோதனை ஆகாது. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி அரை மணி நேரம் உட்கார்ந்து, பிறகு உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், எழுத்து தெரியாது, வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். தினக் கூலிக்காரருக்கு இரண்டு ஆள் சம்பளம் போச்சு. மக்கள் தட்டிக்கழிப்பது அறியாமையால் மட்டும் இல்லை.

சொட்டு மருந்து இல்லாமலே பலருக்கு விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் இப்போது வந்துவிட்டன. படத்தைப் பார்த்து பாதிப்பு உண்டா இல்லையா என்று கணிக்கும் மென்பொருளும் வந்திருக்கிறது. அதற்கான கூகுள் குழுவின் ஆய்வு 2016இல் வெளியானபோது, மென்பொருளுக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்ட படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. படம் தெளிவாக விழாதவர்களுக்கும் சந்தேகம் எழுந்தவர்களுக்கும் மட்டும் சொட்டு மருந்து விட்டு மருத்துவர் பார்த்தால் போதும். அடுத்த தடவை சுகர் மாத்திரை வாங்கப் போகும் இடத்தில், அந்தக் கேமரா இங்கே உண்டா, இல்லையென்றால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.